வேடனை அனுப்பிவிடுங்கள்: முதல் அத்தியாயக் கதை எழுதும் ஆசிரியைக்கு

கேள்வி: மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். என் வகுப்பில் பலர் படக்கதைப் புத்தகங்களைத் தாங்களாகவே படித்துவிடுகிறார்கள். அடுத்த படியாக, அத்தியாயம் பிரித்த ஒரு கதையை எழுதிக் கொடுத்தேன். குளத்து ஆமை சின்னுவும் அணில் சிட்டுவும் நண்பர்கள். ஒருநாள் வேடன் விரித்த வலையில் ஆமை மாட்டிக்கொள்கிறது, அணில் வலையைக் கடித்து அதை விடுவிக்கிறது. மூன்று அத்தியாயங்கள், சுமார் 3,200 சொற்கள். நான் படித்துக் காட்டினால் ஆசையாகக் கேட்கிறார்கள். கையில் கொடுத்தால் நான்காம் பக்கத்தைத் தாண்டுவதில்லை. வலை வரும் இடத்தில் இரண்டு பிள்ளைகள் பயந்து மூடி வைத்துவிட்டார்கள். வேடனை எடுத்துவிட்டால் கதையில் என்ன மிஞ்சும்? எவ்வளவு நீளம் எழுதலாம்? பேச்சுத் தமிழில் எழுதலாமா? கடைசியில் "உண்மையான நட்பே பெரிய செல்வம்" என்று முடித்திருக்கிறேன், நீதி வேண்டுமா? முதல் அத்தியாயத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
ஓர் ஆசிரியை, தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

தண்ணீரில் வாழும் ஓர் உயிரும் மரத்தில் வாழும் ஓர் உயிரும் நட்பாகின்றன. ஒரு புத்தகத்துக்குத் தேவையான சிக்கல் முழுவதும் இதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் அதைத் தொடாமல் வெளியே போய் ஒரு வேடனைக் கூட்டி வந்துவிட்டீர்கள். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான். ஆனால் நான்காம் பக்கத்தில் பிள்ளைகள் நிற்பதற்குக் காரணம் வேடன் இல்லை. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

3,200 சொற்கள், மூன்று அத்தியாயங்கள் என்றால் ஓர் அத்தியாயத்துக்கு ஆயிரம் சொற்களுக்கு மேல் வருகிறது. நிமிடத்துக்கு 30 முதல் 40 சொற்கள் படிக்கும் பிள்ளைக்கு அது அரை மணி நேர வேலை. எழுத்தைக் கூட்டிப் படிக்கும் வயதில் அரை மணி நேரம் கண்ணும் மனமும் ஒரே இடத்தில் நிற்காது. நீங்கள் படித்துக் காட்டும்போது எழுத்தின் சுமை உங்களுடையது, பிள்ளைக்குக் கதை மட்டும்தான். அதனால்தான் காதுக்குப் பிடித்தது கைக்குப் போனதும் நின்றுவிடுகிறது. கதை பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் படிக்கு ஓர் அத்தியாயம் 250 முதல் 350 சொற்கள் போதும். ஐந்து அத்தியாயங்கள், மொத்தம் 1,500 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அத்தியாயம் எட்டு, பத்து நிமிடத்தில் முடியும். முடித்த பிள்ளை "ஓர் அத்தியாயம் படித்துவிட்டேன்" என்று சொல்ல முடிய வேண்டும். இந்த வயதில் அடுத்த அத்தியாயத்துக்கு இழுத்துப் போவது பெரும்பாலும் இந்தப் பெருமைதான். குழந்தைகள் கதைகளை இலவசமாகத் தரும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் உள்ள வாசிப்பு நிலைகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கே மூன்றாம் நிலைக்கு 1,500 சொற்கள் வரை, நான்காம் நிலைக்கு அதற்கு மேல். நம் கதை அந்த எல்லைக்கோட்டில் வந்து உட்காரும். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருக்கிறது. உங்கள் பள்ளியில் அவை இருந்தால், ஒவ்வொரு படியிலும் ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்துக்கு எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் எந்த இடத்தில் சிரமமில்லாமல் படிக்கிறார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது வாக்கியம். நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தின் முதல் வாக்கியம் இது:

"குளக்கரையிலிருந்த அத்திமரத்தினடியில் விளையாடிக்கொண்டிருந்த சிட்டு, தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்த சின்னுவைப் பார்த்து மகிழ்ச்சியடைந்து, 'நண்பா, நலமாயிருக்கிறாயா?' என்று கேட்டது."

பதினான்கு சொற்கள்தான். ஆனால் அவற்றில் ஐந்து சொற்கள் பத்து எழுத்தோ அதற்கு மேலோ கொண்டவை. "விளையாடிக்கொண்டிருந்த" என்பதில் பதினோரு எழுத்துகள். ஏழு வயதுப் பிள்ளை பதினோராவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்து போயிருக்கும், திரும்ப ஆரம்பத்துக்குப் போகும். தமிழில் சொற்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு பக்கம் எளிதா கடினமா என்று சொல்ல முடியாது. சொல்லின் நீளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறு எழுத்துக்குள் பெரும்பாலான சொற்கள், எட்டைத் தாண்டினால் பக்கத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாக்கியத்தில் இன்னொரு தடை உண்டு. "விளையாடிக்கொண்டிருந்த" முதலில் வருகிறது, விளையாடியது யார் என்பது பிறகு வருகிறது. பெயரெச்சம் முன்னால் நிற்கும்போது, யாரைப் பற்றிப் படிக்கிறோம் என்று தெரியாமலே பிள்ளை பாதி வரியைக் கடக்க வேண்டியிருக்கிறது. வினையோ கடைசியில் இருக்கிறது. அது வரும்வரை எல்லாவற்றையும் மனதில் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஆகவே யார் என்பது முதலில் வரட்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைமுற்று, அதிகம் போனால் ஒரு வினையெச்சம். மூன்று முதல் ஆறு சொற்கள். இதே இடத்தை இப்படி எழுதலாம் (சிட்டுவைக் கிச்சு என்றும் சின்னுவைப் பாசி என்றும் மாற்றியிருக்கிறேன், காரணம் பிறகு):

குளக்கரையில் ஓர் அத்திமரம்.
மரத்தில் கிச்சு விளையாடியது.
"ப்ளக்!"
தண்ணீரில் ஒரு தலை தெரிந்தது.
நீளமான மூக்கு. சின்னக் கண்கள்.
"பாசி! வந்துவிட்டாயா?" என்றது கிச்சு.

"ஓடிக்கொண்டிருந்தது" பத்து எழுத்து, "ஓடியது" நான்கு எழுத்து. கதை கேட்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, படிக்கப் பழகும் பிள்ளைக்கு நான்கு எழுத்தே போதும். சொற்கள் ஒன்றோடொன்று சேரும் புணர்ச்சியில் ஒரு வரையறை வைத்துக்கொள்ளுங்கள். வல்லின ஒற்றை விடவே கூடாது. "மரத்தைப் பார்த்தது" என்பதில் ப் இல்லாவிட்டால் பிள்ளை தவறான எழுத்தைப் பழகிவிடும். ஆனால் பிரித்து எழுதக்கூடிய சொற்களைச் சேர்த்து எழுதாதீர்கள். "வந்ததென்று" வேண்டாம், "வந்தது என்று" போதும். "தண்ணீருக்குள்ளிருந்து" என்பதைத் "தண்ணீருக்குள் இருந்து" என்று பிரித்தால் அதே சொல் இரண்டு சின்னச் சொற்களாகிவிடும்.

எல்லா வாக்கியமும் ஒரே நீளத்தில் போனால் பாடப்புத்தகம் மாதிரி வறண்டுவிடும் என்ற அச்சம் உங்களுக்கு வரலாம், நியாயமான அச்சம். அதற்கு நம் மொழியே வழி வைத்திருக்கிறது. சலசல, குடுகுடு, மளமள என்று இரட்டிக்கும் சொற்களை முதல் பாதி படித்ததும் பிள்ளை மறுபாதியைத் தானே சொல்லிவிடும். பார்ப்பதற்கு நீளம், படிப்பதற்கு எளிது, காதுக்கும் இனிமை. பக்கத்துக்கு ஒன்று வைக்கலாம். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூன்று குட்டி வாக்கியங்களுக்குப் பிறகு கொஞ்சம் நீண்ட ஒன்று வந்தால் நடை தானாக அமைந்துவிடும்.

பெயர்களை மாற்றியதைக் கவனித்திருப்பீர்கள். சிட்டு, சின்னு இரண்டும் "சி" என்று தொடங்குகின்றன. படிக்கப் பழகும் பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கும், இரண்டு பேரும் ஒருவராகக் கலந்துவிடுவார்கள். மேலும் சிட்டு என்றதும் பிள்ளையின் மனதில் வருவது குருவி. அணிலின் கீச்சொலியை ஒட்டிக் கிச்சு, குளத்தை ஒட்டிப் பாசி என்று வைத்துப் பார்த்தேன். நீங்கள் வேறு வைத்தாலும் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்: முதல் எழுத்து வேறாக இருக்கிறதா, மூன்று எழுத்துக்குள் இருக்கிறதா, வேற்றுமை உருபு சேர்ந்தாலும் பெயர் அடையாளம் தெரிகிறதா. பாசிக்கு, பாசியை, பாசியிடம் என்று எதிலும் பெயர் உடையாமல் நிற்கிறது. மகர ஒற்றில் முடியும் பெயர் வைத்தால் "த்தை", "த்துக்கு" என்று வால் மாறிப் பிள்ளையைக் குழப்பும்.

விலங்குக் கதைக்கே உரிய ஒரு தொல்லை "அது". கிச்சுவும் அது, பாசியும் அது. "அது அதைப் பார்த்துச் சிரித்தது" என்று எழுதினால் யார் யாரைப் பார்த்தது என்று பெரியவருக்கே விளங்காது. அவன், அவள் என்று போட்டுத் தீர்க்கப் பலர் முயல்வார்கள். பிறகு எது ஆண், எது பெண் என்ற கேள்வி தேவையில்லாமல் உள்ளே வந்துவிடும். பெயரையே திரும்பத் திரும்பச் சொல்வதுதான் என் பரிந்துரை. பெரியவர்கள் கதையில் சலிப்பூட்டும் அந்தத் திரும்பல், இங்கே பிள்ளைக்குக் கைப்பிடி. உரையாடலில் "என்றது கிச்சு", "என்றது பாசி" என்று பெயரைக் கடைசியில் வையுங்கள். யார் பேசியது என்ற சந்தேகம் அந்த வரியிலேயே தீர்ந்துவிடும்.

பேச்சுத் தமிழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேச்சில் ஓடும் கதை பிள்ளைக்கு நெருக்கமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் "வந்துக்கிட்டிருக்கேன்" என்ற எழுத்துக்கோவையை உங்கள் பிள்ளை பாடத்தில் பார்த்ததே இல்லை. வாய்க்குப் பழகியது கண்ணுக்குப் புதிது, அதனால் இன்னும் மெதுவாகப் படிக்கும். இந்தப் படியில் இரண்டு தமிழுக்கும் பொதுவான வாக்கியங்களைத் தேடி எடுங்கள். "வா, போகலாம்." "எனக்கு வேண்டாம்." "ஏன்?" "சரி." "பழம் எங்கே?" உரையாடலில் பாதியை இப்படியே எழுதிவிடலாம். மீதியில் எழுத்துத் தமிழின் குட்டையான வடிவங்களை வையுங்கள். "நலமாயிருக்கிறாயா" என்று எந்த அணிலும் எந்த ஆமையிடமும் கேட்காது, எந்தப் பிள்ளையும் கேட்காது.

இனி வேடனுக்கு வருகிறேன். வலையில் மாட்டிய நண்பனை எலி வலையைக் கடித்து விடுவிக்கும் கதை, பஞ்சதந்திரத்தில் நட்பைப் பெறுவது பற்றிய சுகிர்லாபம் என்ற பகுதியில் இருக்கிறது. காகம், எலி, ஆமை, மான் நான்கும் சேரும் கதை அது. அரசகுமாரர்களுக்கு உலகநடப்பைக் கற்பிக்கப் பெரியவர் ஒருவர் வாயால் சொல்வதாக அமைந்தது. பயம் வரும் இடத்தில் சொல்பவர் பக்கத்தில் இருக்கிறார். தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் துணை இல்லை. மெதுவாகப் படிப்பதால், காதில் அரை நிமிடத்தில் கடந்து போகும் வலைக் காட்சி கண்ணில் மூன்று நிமிடம் நிற்கிறது. அந்த இரண்டு பிள்ளைகளும் கோழைகள் இல்லை, மற்றவர்களை விட நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

மென்மையான கதையில் எதுவும் நடக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. நடப்பது பிள்ளையின் கைக்கு அடங்கும் அளவில் இருக்க வேண்டும். கடத்தல், மரணம், வேட்டை கைக்கு அடங்காதவை. காத்திருப்பது, தவறாகப் புரிந்துகொள்வது, பங்கு போடுவது, கொடுத்த வாக்கை மறப்பது, நண்பனுக்குப் புது நண்பன் கிடைப்பது இவையெல்லாம் மூன்றாம் வகுப்பில் தினமும் நடக்கின்றன. இவை எட்டு வயதுக்குப் பெரிய விஷயங்கள். இவற்றை முழு மரியாதையோடு எழுதினால் வேடன் தேவைப்பட மாட்டான்.

சிக்கல் எங்கிருந்து வரும் என்றால், இரண்டு உயிர்களின் உண்மையான வாழ்க்கையிலிருந்து வரும். உங்கள் மாவட்டத்துக் கண்மாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் நிறையும், சித்திரையில் வற்றும். நம் குளங்களில் வாழும், தோல் மூடிய வழவழப்பான ஓடு கொண்ட பாலாமை, குளம் வற்றும்போது சேற்றுக்குள் தன்னைப் புதைத்துக்கொண்டு வறட்சியைக் கடத்தும். மழை வந்ததும் வெளியே வரும். அணிலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, வருடம் முழுவதும் பகலில் ஓடியாடும். ஆக, ஒரு நண்பன் கோடையில் காணாமல் போகிறான், இன்னொருவனுக்குக் காரணம் தெரியவில்லை. இதை விடப் பெரிய கதை எதற்கு?

ஐந்து அத்தியாயங்களை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, தை மாதம், குளம் நிறைந்திருக்கிறது. கிச்சு கடித்துக்கொண்டிருந்த அத்திப்பழம் தொபுக்கென்று தண்ணீரில் விழுகிறது. பாசி அதை மூக்கால் தள்ளிக்கொண்டு படித்துறைக்குக் கொண்டுவருகிறது. "மிதக்கும் பழம்" என்று தலைப்பு வைக்கலாம். இரண்டாவதில் விளையாட்டுச் சண்டை. கிச்சுவுக்கு மரம் ஏறும் விளையாட்டு வேண்டும், பாசிக்கு முங்கும் விளையாட்டு வேண்டும். ஒருவர் விளையாட்டில் மற்றவர் தோற்றுக்கொண்டே இருக்கிறார். இருவரும் ஆடக்கூடிய விளையாட்டு ஒன்றை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். பாசி தண்ணீருக்குள் குமிழி விட, அடுத்து எங்கே தலை தெரியும் என்று கிச்சு கிளையிலிருந்து ஊகிக்கும் விளையாட்டு நன்றாகப் பொருந்தும். மூன்றாவதில் பழம் கொண்டுவருவதாகக் கிச்சு வாக்குக் கொடுத்துவிட்டு, வழியில் தானே தின்றுவிடுகிறது. பாசி கோபிக்கிறது, கிச்சு சமாதானம் செய்கிறது. இதே அத்தியாயத்தில், போகிற போக்கில் ஒரு வரி: பாசி கரையோரச் சேற்றில் கால்களை அழுத்தி "இங்கே குளுகுளு என்று இருக்கிறது" என்கிறது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லாதீர்கள். நான்காவதில் குளம் வற்றிவிட்டது, பாசி இல்லை. ஐந்தாவதில் மழை.

நான்காவது அத்தியாயத்தில்தான் கதை தொய்யும். காத்திருப்பதை உணர்ச்சியாக எழுதினால் "கிச்சு மிகவும் வருத்தப்பட்டது" என்ற வாக்கியம் நான்கு முறை வரும், பிள்ளை பக்கத்தைப் புரட்டிவிடும். காத்திருப்பதைச் செயலாக எழுத வேண்டும். கிச்சு தினமும் ஒரு பழத்தைப் படித்துறையில் வைக்கிறது. முதல் நாள் எறும்பு தின்கிறது. இரண்டாம் நாள் மைனா கொத்திப் போகிறது. மூன்றாம் நாள் பழம் அப்படியே காய்ந்து கிடக்கிறது. கிச்சு உண்ணிக்கொக்கிடம் கேட்கிறது, எருமையிடம் கேட்கிறது. யாருக்கும் தெரியவில்லை. சேறு வெடித்துப் பாளம் பாளமாக நிற்கிறது. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காட்சி, படம் போடவும் இடம் தரும். மூன்றாம் அத்தியாயத்தின் குளுகுளு வரியை நினைவில் வைத்திருக்கும் பிள்ளைக்குப் பாசி எங்கே என்று கிச்சுவுக்கு முன்பே தெரிந்துவிடும். கதாபாத்திரத்தை விடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற நிலை இந்த வயதுக்குப் பெரிய மகிழ்ச்சி. பாசி செத்துவிட்டதோ என்ற பயத்தையும் அதுவே தணிக்கும். அதனால் நான்காவதில் பாசி இருக்கும் இடத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

தீர்வைப் பெரியவர் யாரும் கொண்டுவரக் கூடாது. பாட்டி ஆந்தை ஒன்று வந்து "கவலைப்படாதே, உன் நண்பன் மண்ணுக்குள் உறங்குகிறான்" என்று விளக்கும் ஆசை எல்லா எழுத்தாளருக்கும் வரும். ஆந்தை வந்தால் கதை வகுப்பறையாகிவிடும். மழை வரட்டும், சேறு அசையட்டும், நீண்ட மூக்கு தெரியட்டும். கிச்சு பார்க்கட்டும்.

ஒவ்வோர் அத்தியாயமும் தன்னளவில் முடிந்த ஒரு சின்னக் கதையாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் திங்கள்கிழமை ஒன்றைப் படித்து வியாழக்கிழமை அடுத்ததைத் தொடுவார்கள். தொடர்கதை மாதிரி அந்தரத்தில் நிறுத்தினால் மூன்று நாளில் நூல் அறுந்துவிடும். பழைய கதையை இரண்டு வரியில் நினைவூட்டித் தொடங்குங்கள்: "கிச்சுவுக்கு ஒரு நண்பன். அதன் பெயர் பாசி." இந்த இரண்டு வரிகளையே எல்லா அத்தியாயத்துக்கும் தொடக்கமாக வைத்தால், இரண்டாவது அத்தியாயத்திலிருந்து பிள்ளை தடையில்லாமல் தொடங்கும். நான்காவதில் மட்டும் "கிச்சுவுக்கு ஒரு நண்பன். பாசி எங்கே?" என்று மாற்றுங்கள். அந்த ஒரு மாற்றம் பிள்ளையை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

புதுச் சொற்களை ஒரு புத்தகத்துக்கு எட்டு, பத்துக்குள் நிறுத்துங்கள். படித்துறை, குமிழி, சேறு, பொந்து, வெடிப்பு போன்றவை. ஒவ்வொன்றும் முதல் தடவை படத்தின் பக்கத்தில் வரட்டும், பிறகு குறைந்தது மூன்று இடங்களில் திரும்ப வரட்டும். ஒரே தடவை வந்து மறையும் கடினச் சொல்லால் பிள்ளைக்குத் தடங்கல்தான் மிச்சம்.

நீதி வேண்டாம். "உண்மையான நட்பே பெரிய செல்வம்" என்ற உங்கள் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். கிச்சு பழத்தைக் கடித்து, பாதியைப் படித்துறையில் வைப்பதோடு முடியட்டும். மூன்றாம் அத்தியாயத்தில் முழுப்பழத்தையும் தின்ற அதே கிச்சு. பிள்ளை அதைத் தானே கவனித்துச் சொல்லும்போது கிடைக்கும் நிறைவை உங்கள் வரி பறித்துக்கொள்கிறது. வகுப்பில் பேச விரும்பினால் "நீதி என்ன?" என்று கேட்காமல் "கிச்சு ஏன் பாதியை வைத்தது?" என்று கேளுங்கள்.

உங்கள் அத்தியாயத்தில் ஒரு சிறுமி ஆமையை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தொட்டியில் வைக்கும் காட்சி வருகிறது. அதை முழுதாக நீக்க வேண்டும். நாட்டு ஆமைகளையும் பச்சைக்கிளியையும் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். படித்து முடித்த பிள்ளை மறுநாள் குளத்துக்குப் போய் ஓர் ஆமையைத் தூக்கி வந்தால் அதற்குக் கதைதான் காரணம்.

படம் வரைபவருக்குக் கதையோடு ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். இணையத்தில் அணில் என்று தேடி, புசுபுசு வாலும் கையில் ஓக் கொட்டையுமாக இருக்கும் வெளிநாட்டு அணிலை வரைந்துவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று வெளிர்கோடுகள், வால் மெலிவு. பாலாமைக்கு விரலிடைச் சவ்வு கொண்ட கால்கள், நீண்ட கழுத்து, குழல் போன்ற மூக்கு. தரையாமையின் யானைக்கால்களை வரைந்தால் அது குளத்தில் மூழ்கிவிடும் என்று உங்கள் பிள்ளைகளே சொல்வார்கள். எந்தப் படம் எந்தப் பக்கத்தில் என்பதையும் குறிப்பிடுங்கள். ஐந்தாவது அத்தியாயத்தில் பாசி தலைகாட்டும் படம், அந்த வரி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வரக் கூடாது. தாளைப் புரட்டிய பிறகு வர வேண்டும்.

அச்சில் புத்தகம் 16 பக்கம் கொண்ட ஃபாரங்களாக ஓடும். மூன்று ஃபாரம், 48 பக்கம் இந்தக் கதைக்குச் சரியாக வரும். அத்தியாயத்துக்கு எட்டுப் பக்கம், ஐந்துக்கு 40. மீதி எட்டில் தலைப்பு, பதிப்பு விவரம், பொருளடக்கம், கடைசியில் அணில், ஆமை பற்றி இரண்டு பக்கச் செய்தி. டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் 16 பாயின்ட் எழுத்து, வரிகளுக்கிடையே தாராளமான இடம், வரிக்கு நான்கைந்து சொற்கள், பக்கத்துக்கு 12 முதல் 14 வரிகள். அப்படி வைத்தால் பக்கத்துக்கு 50, 60 சொற்கள். 300 சொல் அத்தியாயம் ஐந்தரைப் பக்கத்தில் முடிந்து, மீதி படத்துக்குக் கிடைக்கும். வரிகளை இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். இருபக்கமும் சீராக்கினால் தமிழ்ச்சொற்களின் நீளத்தால் வரி நடுவே பெரிய ஓட்டைகள் விழும், பிள்ளையின் கண் அங்கே இறங்கிவிடும். வரிக் கடைசியில் சொல்லை ஒருபோதும் உடைக்காதீர்கள்.

அச்சுக்கு முன் ஏ4 தாளில் எடுத்து ஐந்தாறு பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கொடுங்கள். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் ஒன்றும் தெரியாது, திணறுகிற இருவராவது இருக்க வேண்டும். சத்தமாகப் படிக்கச் சொல்லி, நீங்கள் இன்னொரு பிரதியில் பென்சிலோடு உட்காருங்கள். தடுக்கிய சொல்லுக்குக் கீழே கோடு, திரும்பப் படித்த வரிக்கு அம்புக்குறி, கண் படத்துக்கு ஓடிய இடத்தில் ஒரு புள்ளி. திருத்தாதீர்கள், உதவாதீர்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். நூறு சொற்களுக்கு ஐந்துக்கு மேல் தடுக்கினால் அந்தப் பக்கம் கடினம். ஒரே சொல்லில் மூன்று பேர் தடுக்கினால் அந்தச் சொல்லை மாற்றுங்கள். சொல்லில் தடுக்காமல் வரியைத் திரும்பப் படித்தால் வாக்கிய அமைப்பில் கோளாறு, பெரும்பாலும் ஒரு பெயரெச்சமோ ஓர் "அது"வோ அங்கே ஒளிந்திருக்கும். அத்தியாயம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: "அடுத்து என்ன ஆகும்?" பதில் தவறாக இருந்தால் பரவாயில்லை. "தெரியலை மிஸ்" என்று தோளைக் குலுக்கினால்தான் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

இந்த ஜோடி முடிந்து அடுத்ததைத் தேடும்போது, இயற்கையிலேயே சேர்ந்து காணப்படும் உயிர்களைப் பாருங்கள். மேயும் எருமை கிளப்பும் பூச்சிகளுக்காக உண்ணிக்கொக்கு கூடவே நடக்கிறது. கரிச்சான் தன் கூட்டருகே வரும் காகத்தைத் துரத்தியடிப்பதால், அந்த மரத்திலேயே புறாவும் மாங்குயிலும் கூடு வைப்பதுண்டு. முதுமலையில் மந்திகள் மேலிருந்து உதிர்க்கும் இலைகளுக்காகப் புள்ளிமான்கள் மரத்தடியில் கூடும், ஒன்று அபாயக்குரல் கொடுத்தால் மற்றதும் உஷாராகும். கரிச்சான் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஊரே சண்டைக்காரன் என்று சொல்லும் ஒருவன் பக்கத்தில் குடியிருக்க ஒரு புறா ஏன் விரும்புகிறது என்று பிள்ளைகள் யோசிக்கட்டும்.

எங்கே வெளியிடுவது என்றும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். ஸ்டோரிவீவரில் நீங்களே ஏற்றலாம், அங்குள்ள படங்களையும் பயன்படுத்தலாம். ஆனால் அங்கே வெளியாகும் கதை, உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்து மாற்றி அச்சிட்டு விற்கவும் இடம்தரும் திறந்த உரிமத்தில் வரும். ஏற்றிய பிறகு அந்த உரிமையைத் திரும்பப் பெற முடியாது. பதிப்பகம் ஒன்றிடம் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். முதல் மூன்று அத்தியாயங்களைத் திருத்தி, பென்சில் குறி போட்ட பிரதிகளோடு சேர்த்து அனுப்புங்கள். அந்தக் குறிகளைப் பார்த்தால் நான்காவதை எப்படி எழுதுவது என்று இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.